டிரம்ஸ் இருக்கும்போது 88 பேர் எதற்கு?

மூத்த பாப் பாடகர்கள் தங்கள் பழைய வெற்றிப் பாடல்களை சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு மேடையேற்றி ஆல்பமாக வெளியிடுவது இப்போது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. ஆர்கெஸ்ட்ரா சேர்ந்தால் பாடல் உயர்ந்துவிடும் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். சாட்சிக்கு எல்டன் ஜானின் ‘லைவ் இன் ஆஸ்திரேலியா’வை அழைப்பார்கள். அந்தச் சாட்சியையே விசாரிப்போம்.

1986 டிசம்பர் 14, சிட்னி. மெல்போர்ன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் 88 கலைஞர்கள். நடத்துநர் ஜேம்ஸ் நியூட்டன் ஹோவர்ட். அடுத்த மாதமே தொண்டை அறுவை சிகிச்சைக்குப் போகவிருந்த எல்டனின் குரல் கரகரத்துப் பிளந்து வருகிறது. அந்தப் பிளவே பாடல்களுக்குக் கனம் சேர்க்கிறது. மறுக்க மாட்டேன். ‘சிக்ஸ்டி இயர்ஸ் ஆன்’, ‘மேட்மேன் அக்ராஸ் தி வாட்டர்’ போன்றவை சிறப்பாக இருப்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவற்றுக்கு மேடையில் புதிதாக எதுவும் கூடிவிடவில்லை. 1970, 71இல் பால் பக்மாஸ்டர் எழுதிய தந்தியிசை அந்தப் பாடல்களோடு கூடவே பிறந்தது. ‘சிக்ஸ்டி இயர்ஸ் ஆன்’ ஸ்டூடியோவிலேயே ஹார்ப்பையும் தந்திகளையும் நம்பி நின்ற பாட்டு.

தந்திகளை நம்பிப் பிறக்காத பாடல்களில்தான் சங்கடம். ‘டோன்ட் லெட் தி சன் கோ டவுன் ஆன் மீ’யைக் கேளுங்கள். ஸ்வரக்கூட்டைப் பியானோ சொல்லியாயிற்று, அடித்தளத்தை பேஸ் கிட்டார் போட்டாயிற்று, காலத்தை டிரம்ஸ் கையில் எடுத்துக்கொண்டது. மிச்சம் என்ன? நீண்ட கார்வைகள். பியானோ சொன்ன அதே ஸ்வரங்களை வயலின்கள் மேல் ஸ்தாயியில் இழுத்துப் பிடிக்கின்றன, உச்சத்தில் பித்தளைக் கருவிகள் முழங்குகின்றன. வியோலாக்கள் என்ன செய்கின்றன என்று காதைத் தீட்டிக்கொண்டு தேட வேண்டியிருக்கிறது.

என் நெடுநாள் புகாரும் இதுதான்: டிரம்ஸைக் கூடவே வைத்துக்கொள்கிறார்கள். ஆர்கெஸ்ட்ராவின் உயிர் அதன் மூச்சில் இருக்கிறது. நடத்துநர் ஒரு சொற்றொடரின் முடிவில் காலத்தைச் சற்றே தளர்த்துவார், மறுபடி இறுக்குவார். அத்தனை பேரும் கிசுகிசுப்புக்கு இறங்கி, அங்கிருந்து பெருமுழக்கத்துக்கு ஏறுவார்கள். டிரம்ஸ் வந்துவிட்டால் காலம் ஆணி அடித்தாற்போல் நின்றுவிடும். நடத்துநரும் டிரம்மரைப் பின்பற்றியாக வேண்டும். மெல்லிய ஒலியோ அந்தச் சத்தத்தில் காணாமல் போகும். அரங்கத்தில் வயலின் கேட்க வேண்டுமானால் மைக் வைத்துத்தான் தூக்க வேண்டும். அப்படித் தூக்கிய பிறகு 88 பேரும் ஒரு சிந்தசைசர் செய்யக்கூடிய வேலையைத்தான் செய்கிறார்கள். இது பாடலை உயர்த்துவதல்ல. தேர்ந்த கலைஞர்களை மேடைத் திரைச்சீலை ஆக்குவது.

ஸ்டிங்கின் 2010 ‘லைவ் இன் பெர்லின்’ இதே பாதையில் போகிறது. பிரோகோஃபியெவின் மெட்டிலிருந்து எழுந்த ‘ரஷ்யன்ஸ்’ ஆர்கெஸ்ட்ராவுக்குள் இயல்பாகப் பொருந்துகிறது. மற்ற பலவற்றில் கிட்டாரும் தாளமும் ஓட, தந்திகள் பின்னால் ஓடி வருகின்றன.

இதற்கு மாற்று இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பீட்டர் கேப்ரியல் தன் ‘நியூ பிளட்’ முயற்சியில் டிரம்ஸ் கூடாது, கிட்டார் கூடாது என்று விதித்துக்கொண்டார். ஜான் மெட்காஃப் இசைக்கோப்பு எழுதினார். அதன் மேடைப் பதிவாக 2012இல் ‘லைவ் பிளட்’ வந்தது. ‘தி ரிதம் ஆஃப் தி ஹீட்’ மூலப் பதிவில் எகோமே நடனக் குழுவின் ஆப்பிரிக்க முழவுகளோடு முடிகிறது. பாட்டின் பெயரிலேயே தாளம் இருக்கிறது. ‘லைவ் பிளட்’டிலோ செல்லோக்களும் பித்தளைகளும் தாங்களே தாளமாக மாறி மோதிக்கொள்கின்றன. வேலை கொடுத்தால் ஆர்கெஸ்ட்ரா என்ன செய்யும் என்பது அந்தச் சில நிமிடங்களில் தெரிந்துவிடுகிறது.

‘லைவ் இன் ஆஸ்திரேலியா’விலிருந்து தனிப்பாடலாக வெளிவந்து பெரும் வெற்றி பெற்றது ‘கேண்டில் இன் தி விண்ட்’. அதைச் சுமப்பவை ஒரு பியானோவும் ஒரு குரலும்.