அசலைக் காணாதவர்களின் பெட்டி

வீடியோ கேம் பற்றி எழுதப்படும் வரலாறுகளில் ஒரு தேதி தவறாமல் வரும். 1983இல் ஜப்பானில் வெளியான ஃபேமிகாம் என்னும் பெட்டியின் உற்பத்தியை நிண்டெண்டோ நிறுவனம் 2003இல் நிறுத்திக்கொண்டது. என்இஎஸ் என்ற பெயரில் மேற்கில் விற்றதையும் சேர்த்து மொத்தம் ஏறத்தாழ 6 கோடியே 19 லட்சம் பெட்டிகள். இது நிறுவனத்தின் கணக்கு. இதில் ஏரியூர் இல்லை.

பென்னாகரத்துக்கு அப்பால், மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பை நெருங்கும் பகுதி எங்களுடையது. இங்கே ஃபேமிகாமை யாரும் பார்த்ததில்லை. பார்த்தது ‘டிவி கேம்’. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர்கள் பண்டிகைக்குத் திரும்பும்போது பையில் கொண்டுவந்தது. மேலே ஏதோ ஒரு பெயர். உள்ளே ஃபேமிகாமின் சில்லைப் பார்த்துத் தைவானில் செய்த சில்லு, அல்லது அதன் சீன வழித்தோன்றல். கேசட்டின் மேல் லட்சம் கேம் என்று போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் பத்து இருபதுதான் திரும்பத் திரும்ப வரும். ஓடலன்னா, “கழட்டி ஊதிப் போடுறா.” அவ்வளவுதான் எங்கள் தொழில்நுட்பக் கல்வி.

ஊருக்குள் டிவி இருந்த வீட்டில் யார் உள்ளே உட்காரலாம், யார் ஜன்னலோடு நிற்க வேண்டும் என்பதை எங்கள் பக்கம் சாதிதான் தீர்மானித்தது. 2006இல் தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் காலனி என்று ஊர் சொல்லும் தெருவில் ஒரு பிள்ளை தன் வீட்டுத் தரையில் உட்கார்ந்து ரிமோட்டைப் பிடித்தது. அசல் நின்றுபோன பிறகுதான் அந்தத் தெருவில் அது தொடங்கவே செய்தது. ‘முடிவு’ என்பது யாருடைய முடிவு என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அசல்/நகல் என்னும் எதிர்வும் அவ்வளவு உறுதியானதல்ல. ஃபேமிகாமின் மையச் செயலியே 6502 என்னும் அமெரிக்கச் செயலியிலிருந்து, அதன் தசமக் கணக்கு வசதியை நீக்கிவிட்டு, எடுத்தாளப்பட்டதுதான். 2016இல் நிண்டெண்டோ தன் பழைய பெட்டியைச் சிறிய உருவில், 30 விளையாட்டுகளோடு மறுபடி விற்றது. உள்ளே பழைய சில்லு இல்லை. அதைப் போல நடந்துகொள்ளும் மென்பொருள்தான் இருந்தது. நகலெடுப்பவரைத் திருடன் என்று சொன்ன நிறுவனம் தன்னையே நகலெடுத்து விற்றது.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் இது நகலைக் கொண்டாடும் வழக்கமான கட்டுரையாகிவிடும். அந்தக் கொண்டாட்டத்தில் எனக்குச் சங்கடம் இருக்கிறது. 1985இல் வந்த சூப்பர் மரியோ மொத்தமே 40 கிலோபைட். இடமில்லாததால் மேகத்துக்கும் புதருக்கும் ஒரே உருவம். வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர். இந்தச் சிக்கனத்துக்குப் பின்னால் மியாமோட்டோ, தெசுக்கா என்று மனிதர்கள் இருந்தார்கள். இசைக்குக் கொண்டோ இருந்தார். எங்களுக்கு வந்த கேசட்டுகள் பலவற்றில் முதல் திரையிலிருந்த நிறுவனப் பெயரும் ஆண்டும் அழிக்கப்பட்டிருந்தன. விளையாட்டு வானத்திலிருந்து விழுந்ததாகவே நாங்கள் நம்பினோம். ஆசிரியனின் மரணத்தை நாம் பக்கம் பக்கமாக விவாதித்திருக்கிறோம். இது அதுவல்ல, உழைத்தவன் பெயரைச் சுரண்டி எடுப்பது. நாமும் ஜெராக்ஸில் படித்து வளர்ந்தவர்கள்தான். ஆனால் நம் ஜெராக்ஸில் எழுதியவர் பெயர் இருந்தது. பெயர் இருந்ததால் அவரோடு சண்டை போட முடிந்தது, பதில் எழுத முடிந்தது. டிவி கேமுக்கு எங்களால் பதில் எழுத முடியவில்லை. அழுத்தத்தான் முடிந்தது.

அந்தப் பெட்டியின் உள்ளமைப்பு இன்று பொதுவில் விரிவாக ஆவணமாகியிருக்கிறது. நிறுவனம் கைவிட்ட பெட்டிக்குத் தனியாட்கள் இன்றும் புது விளையாட்டுகள் எழுதுகிறார்கள். அதன் உண்மையான எச்சம் என்று நான் கருதுவது இதைத்தான். பழைய நினைவைச் சந்தா கட்டி வாங்குவதை அல்ல. நாகமரைத் துறையில் பரிசலில் அக்கரை போனவர்களின் கதை அந்த 40 கிலோபைட்டுக்குள் அடங்கும். அதை எங்கள் பிள்ளை ஒருத்தி எழுத வேண்டும். முதல் திரையில் அவள் பெயர் இருக்க வேண்டும்.