வெள்ளாவி கண்ட வெள்ளை

நாள்பட்ட கறை ஏறிய வெள்ளை விரிப்பு ஒன்றைக் கை தேர்ந்த சலவைத் தொழிலாளியிடம் கொடுத்துப் பாருங்கள். உடனே தண்ணீரில் போடமாட்டார். வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடிப்பார். கறையின் ஓரத்தை விரலால் தடவுவார். விறைத்துச் சொரசொரத்தால் இரத்தமோ பாலோ. ஓரம் கருத்து நடு வெளிறியிருந்தால் தேநீர். எல்லை தெரியாமல் தலைமாட்டில் மஞ்சளாகப் பரவியிருந்தால் வியர்வையும் தேங்காய் எண்ணெயும். இந்தப் பார்வையிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது என்பேன்.

மீதிப் பாதியை நம் ஊர்களில் வெள்ளாவி செய்தது. உவர் நிலத்தில் கோடையில் வெண்மையாகப் பூத்து நிற்கும் மண்ணைச் சுரண்டி வந்து கரைப்பார்கள். அந்தக் கரைசலில் துணியை முக்கிப் பிழிந்து, அடுப்பில் பதித்த பானையின் மேல் சுற்றிச் சுற்றி அடுக்குவார்கள். இரவெல்லாம் கீழே தீ எரியும். ஆவி அடுக்கு அடுக்காக ஏறும். விடிந்ததும் இறக்கித் துறைக்குக் கொண்டுபோய்க் கல்லில் அடித்து அலசி, வெயிலில் விரிப்பார்கள்.

இதன் நுட்பத்தை நினைக்க நினைக்க வியப்பு கூடுகிறது. உவர்மண்ணில் உள்ள காரம் பெரும்பாலும் சலவைச் சோடா. தலையணை உறையில் பல மாதம் ஊறிப் பழுத்த எண்ணெயின் கொழுப்பு அமிலத்தோடு அந்தச் சோடா சேரும்போது, சோப்பே பிறக்கிறது! அழுக்கு தன்னைக் கழுவும் பொருளாகத் தானே மாறுகிறது. ஆவியின் சூடு நூலிழைக்குள் நுழைந்து அதை நெகிழ்த்துகிறது. எஞ்சிய நிறத்தை, ஈரத்துணியின் மீது வெயிலும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து உடைக்கின்றன. ஹாலந்தின் ஹார்லெம் நகரத்தார் லினன் துணியைப் புல்வெளியில் விரித்து வெளுத்ததும் இதே வெயிலை நம்பித்தான்; ஓவியர் ரய்ஸ்டால் 17ஆம் நூற்றாண்டில் அந்த வெளிகளை ஓவியமாகவே தீட்டியிருக்கிறார்.

இரத்தக் கறைக்கு மட்டும் விதி வேறு. சூடு பட்டால் அதிலுள்ள புரதம் வெந்த முட்டையைப் போல இறுகி நூலைப் பற்றிக்கொள்ளும். அதனால் முதலில் பச்சைத் தண்ணீர். பல மணி நேரம். நீரை மாற்றி மாற்றி. கறை நெகிழ்ந்த பிறகே காரமும் சூடும். பிரசவத் துணியையும் மாதவிலக்குத் துணியையும் தலைமுறை தலைமுறையாக வெளுத்து, உடுத்த மாற்றுத் துணியும் கொடுத்த வண்ணார் சமூகப் பெண்களுக்கு இது நன்றாகத் தெரியும். அவர்கள் வெளுத்த விரிப்பில் ஊர் படுத்துறங்கியது. அவர்களை வாசலோடு நிறுத்தியது. இந்தக் கலையைப் பாராட்டுகிறவர் அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வெளுக்கிறவர் கையில் அழியாத கறை ஒன்றும் உண்டு. எந்தத் துணி எந்த வீட்டுடையது என்று அடையாளம் தெரிய, சேங்கொட்டைப் பாலால் ஓரத்தில் குறியிடுவார்கள். வெள்ளாவியின் காரமும் ஆவியும் அந்தக் குறியை அசைக்காது.

இன்று பலரும் அவசரத்துக்குத் தேடுவது பிளீச்சிங் பவுடர். 1799இல் ஸ்காட்லாந்தின் சார்லஸ் டென்னன்ட் காப்புரிமை பெற்ற பொருள். வேகத்தில் அதை மிஞ்ச முடியாது. ஆனால் பருத்தி நூலை அரித்துவிடும். வியர்வைக் கறையில் பட்டால் மஞ்சளைக் கூட்டவும் செய்யும். துருக்கறையிலோ அது வேலைக்கே ஆகாது. அங்கே எலுமிச்சையும் உப்பும் வெயிலும்தான். பழைய விரிப்புக்கு நான் பரிந்துரைப்பது சோடியம் பெர்கார்பனேட். ‘ஆக்ஸி’ என்ற பெயரோடு கடையில் கிடைக்கும் பொடிகளில் இருப்பது இதுதான். வெந்நீரில் கரைந்ததும் சலவைச் சோடாவாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் பிரிகிறது; அதாவது காரமும் ஆக்சிஜனும், வெள்ளாவியும் வெயிலும் தந்த அதே இரண்டும். கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலான நீரில் கரைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் அலசி, நல்ல வெயிலில் போடுங்கள். ஒரே முறையில் போகாத கறை இரண்டாவது ஊறலில் மங்கும். மஞ்சள்தூள் கறை சோப்பு பட்டதும் சிவக்கும். பதற வேண்டாம், வெயில் அதை விழுங்கிவிடும். பட்டுக்கும் கம்பளிக்கும் இந்தப் பொடி ஆகாது.

நீலம் பற்றி ஒரு வார்த்தை. மஞ்சளை நீலம் கண்ணுக்கு மறைக்குமே தவிர நீக்காது. கறை முழுதும் போன துணிக்கு, கடைசி அலசலில், சில சொட்டு. அதற்குமேல் போட்டால் வெள்ளை செத்துப்போகும்.

ஃபோர்ட் கொச்சியின் தோபிக்கானாவில், தமிழ்நாட்டிலிருந்து சென்ற வண்ணார் குடும்பத்தினர் இன்றும் கையால் வெளுக்கிறார்கள். கிளிப் இல்லை, முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடுக்கில் துணியின் நுனியைச் செருகிக் காயவைக்கிறார்கள். கஞ்சி போட்டுக் காய்ந்த விரிப்பு அங்கே காற்றில் படபடக்கும் ஓசை தனி. உங்கள் ஊரிலும் ஓர் அடுப்பாவது வெள்ளாவிக்கு எரிந்துகொண்டிருந்தால், போகாது என்று மூலையில் சுருட்டி வைத்த விரிப்பை அங்கே கொடுங்கள். அவசரப்படுத்தாதீர்கள். கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.