காலேப் யாருடைய மகன்? முரண்படும் வம்சப் பதிவுகள் பற்றி ஒரு திறனாய்வு

காலேப் நம் பிரசங்க மேடைக்குப் புதியவன் அல்லன். வேவுகாரர் பன்னிருவருள் அஞ்சாது பேசியவன் என்றும், 85ஆம் வயதில் மலைநாட்டைக் கேட்டுப் பெற்ற முதியவன் என்றும் அவனைப் போற்றி வருகிறோம். ஆயினும் அவன் யாருடைய மகன், எக்குலத்தைச் சார்ந்தவன் என்று நாம் வினவுவது அரிது. வினவுவோமாயின், திருமறை ஒன்றோடொன்று பொருந்தாத பல விடைகளைத் தருவதைக் காண்போம். இவற்றை ஆராய்வது வீண் ஆர்வத்தின்பாற்பட்டதன்று. வெளியிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பம் இறைமக்களின் ஏட்டில் எவ்வாறு இடம்பெற்றது, அவ்வேடு எதைக் காத்துக்கொண்டது, எதை மறைத்தது என்பதே இங்கு எழும் வினா.

1. பதிவுகள் கூறுவன

எண்ணாகமம் 13 : 6, 34 : 19 ஆகிய இரு பட்டியல்களும் எப்புன்னேயின் மகனாகிய காலேபை யூதா கோத்திரத்தின் பிரதிநிதியாகக் குறிக்கின்றன. ஆனால் எண். 32 : 12, யோசுவா 14 : 6, 14 ஆகிய இடங்களில் அவன் பெயரோடு "கேனாசியன்" என்னும் அடைமொழி சேர்ந்து வருகிறது. கேனாசியர் யார்? ஆதி. 15 : 19 அவர்களை ஆபிரகாமின் சந்ததிக்கு வாக்களிக்கப்பட்ட நாட்டின் குடிகளுள் ஒருவராகச் சேர்க்கிறது. ஆதி. 36 : 11, 15, 42 ஆகிய வசனங்களோ கேனாஸ் என்பவனை ஏசாவின் பேரனாகவும் ஏதோமியப் பிரபுக்களுள் ஒருவனாகவும் காட்டுகின்றன. முதற் பதிவின்படி கேனாசியர் ஏசா பிறக்குமுன்னரே இருந்தவர். இரண்டாம் பதிவின்படி ஏசாவின் வழித்தோன்றல்கள். எவ்வாறாயினும் அவர்கள் இஸ்ரவேலர் அல்லர்.

இக்குடும்பம் அயலிலிருந்து வந்தது என்பதற்கு வேறு சான்றுகளும் உள. யோசு. 15 : 13 காலேபுக்கு யூதா புத்திரரின் நடுவே பங்கு கொடுக்கப்பட்டதாகவும், அது கர்த்தருடைய கட்டளையின்படி நடந்ததாகவும் கூறுகிறது. பிறப்பால் யூதா கோத்திரத்தானாய் இருந்தவனுக்கு இத்தகைய தனிக் கட்டளை தேவைப்பட்டிராது. தாவீதின் காலத்திலும், 1 சாமு. 30 : 14இல், தென்னாட்டில் யூதாவுக்கு அடுத்த பகுதியும் காலேபின் பகுதியும் வெவ்வேறாக எண்ணப்படுகின்றன. நாபாலைப் பற்றிய 1 சாமு. 25 : 3 இன்னும் நுட்பமானது. எபிரேயப் பாடத்தில் எழுதப்பட்ட எழுத்துகள் "தன் இருதயத்தைப் போன்றவன்" என்று பொருள்படக்கூடியவை. வாசிக்கப்படும் மரபோ அவனைக் காலேபியன் என்கிறது. எழுபதின்மர் மொழிபெயர்ப்பு அச்சொல்லை நாயைக் குறிக்கும் எபிரேயச் சொல்லோடு இணைத்து, "நாய்க்குணம் உடையவன்" என்று பெயர்த்துவிட்டது. ஒரு குலத்தின் பெயர் வசைச்சொல்லாக மாறும் வழியை இங்குக் காண்கிறோம்.

எபிரோன் நகரைப் பற்றிய பதிவுகளும் இவ்வாறே முரண்படுகின்றன. யோசு. 10 : 36-37இன்படி அதைப் பிடித்தவன் யோசுவா, யோசு. 15 : 13-14இன்படி காலேப், நியா. 1 : 10இன்படி யூதா கோத்திரத்தார். பின்னர் யோசு. 21 : 11-13 நகரத்தை ஆசாரியருக்கும், அதன் வயல்களைக் காலேபுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. நிலத்தைப் பற்றிய உரிமைகள் பலவாக இருந்தமையால் நினைவுகளும் பலவாயின என்பது தெளிவு.

இனி நாளாகமத்திற்கு வருவோம். 1 நாளா. 2 : 9 எஸ்ரோனின் புதல்வராக யெர்மெயேல், ராம், கெலுபா என்னும் மூவரைக் கூறுகிறது. 2 : 18இல் எஸ்ரோனின் மகன் காலேப் எனப்படுவதால் கெலுபாவும் காலேபும் ஒருவரே என்பது புலனாகும். இங்குக் காலேப் யூதாவின் கொள்ளுப்பேரன். தாவீதின் மூதாதையாகிய ராமின் உடன்பிறந்தவன். எப்புன்னே என்னும் பெயரோ, கேனாசியன் என்னும் அடைமொழியோ இவ்வதிகாரத்தில் இல்லை. ஆனால் 4 : 15இல் எப்புன்னேயின் மகன் காலேப் திடீரெனத் தோன்றுகிறான். அவனுக்குச் சற்று முன்னர், 4 : 13இல், கேனாஸின் புதல்வர் யூதாவின் வம்சத்துக்குள்ளேயே எவ்வித விளக்கமுமின்றி இடம்பெறுகின்றனர்.

2. இணக்கும் முயற்சிகள்

இம்முரண்பாட்டைக் கண்ட முன்னோர் அதை இணக்க முயன்றனர். பாபிலோனியத் தல்மூதின் சோத்தா என்னும் பகுதி (11ஆ), எஸ்ரோனின் மகனாகிய காலேப் எவ்வாறு எப்புன்னேயின் மகனாவான் என்று வெளிப்படையாகவே வினவுகிறது. எப்புன்னே என்பது தந்தையின் பெயரன்று. வேவுகாரரின் ஆலோசனையை விட்டுத் திரும்பியவன் என்பதே அதன் பொருள் என்று விடையும் கூறுகிறது. கேனாசுக்கோ அவன் வளர்ப்பு மகன் எனப்படுகிறான். இவ்விடை நமக்கு ஏற்புடையதாகாவிடினும், ரபீமார் முரண்பாட்டை மூடிமறைக்கவில்லை என்பது பாராட்டத்தக்கது.

பிற்கால விளக்கவுரைகளில் பெரிதும் வழங்கும் வழி, காலேப் என்னும் பெயருடையோர் இருவர் இருந்தனர் என்பதாகும். இதற்குக் காலக்கணக்கு துணைசெய்வதுபோல் தோன்றுகிறது. 1 நாளா. 2 : 18-20இன்படி எஸ்ரோனின் மகன் காலேபுக்கு மகன் ஊர், பேரன் ஊரி, கொள்ளுப்பேரன் பெசலெயேல். இப்பெசலெயேலே சீனாய் மலையடியில் ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்த கைவினைஞன் (யாத். 31 : 2). காதேஸ்பர்னேயாவிலிருந்து வேவு பார்க்கச் சென்றபோது எப்புன்னேயின் மகன் காலேபுக்கு வயது 40 (யோசு. 14 : 7). 40 வயதுடைய ஒருவனுக்கு அதே காலத்தில் தொழில் தேர்ந்த கொள்ளுப்பேரன் இருத்தல் இயலாது. ஆகவே இருவர் என முடிவுசெய்வர்.

ஆனால் இம்முடிவைக் குலைப்பவள் ஒரு பெண். யோசு. 15 : 16-19, நியா. 1 : 12-15 ஆகிய பகுதிகளில் எப்புன்னேயின் மகன் காலேபுக்கு அக்சாள் என்னும் மகள் இருக்கிறாள். அவள் தந்தையிடம் நீரூற்றுகளைக் கேட்டுப் பெற்றவள். 1 நாளா. 2 : 49இல், எஸ்ரோனின் மகனும் யெர்மெயேலின் சகோதரனுமான காலேபின் பட்டியல் முடியுமிடத்தில், அதே அக்சாள் காலேபின் மகள் என்று குறிக்கப்படுகிறாள். காலேப் இருவர் எனின் அக்சாளும் இருவர் எனக் கொள்ளவேண்டும். ஒரு சிக்கலைத் தீர்க்க இவ்வாறு ஆட்களைப் பெருக்குவது விளக்கமாகாது. நாளாகமக்காரர் இருவரையும் ஒருவராகவே அறிந்திருந்தார் என்பதே இயல்பான முடிவு.

பெயர்கள் மீண்டும் மீண்டும் வருவதில் வியப்பில்லை. பாட்டன் பெயரைத் தாங்குபவன் ஆதலின் பெயரன் எனப்பட்டு, அது பேரன் என மருவிய மொழியைப் பேசும் நமக்கு இது விளங்காததன்று. ஒத்னியேல் கேனாஸின் மகன், 1 நாளா. 4 : 15இன் இறுதியில் காலேபின் வழித்தோன்றல்களுள்ளும் ஒரு கேனாஸ் உண்டு. எனினும் ஏசாவின் பேரனும் ஒத்னியேலின் தந்தையும் காலேபின் வழிவந்தவனும் ஒரே பெயரைத் தாங்கி நிற்பது, தனியாட்களின் வரலாற்றை விடக் குலப்பெயரின் வரலாற்றையே நினைவூட்டுகிறது.

3. அறிஞர் கண்ட வழிகள்

இவ்வழியை முதலில் தெளிவாகக் கண்டவர் யூலியஸ் வெல்ஹாசன். 1870இல் கோட்டிங்கனில் அளித்த இலத்தீன் ஆய்வேட்டில், 1 நாளா. 2, 4 அதிகாரங்களின் யூதக் குலங்களை அவர் ஆராய்ந்தார். காலேபியரும் யெர்மெயேலியரும் தென்னாட்டில் வாழ்ந்த தனிக் குலங்கள்; காலப்போக்கில் யூதாவோடு இணைந்தனர்; அவ்விணைப்பையே மகன், சகோதரன் என்னும் உறவுச் சொற்கள் குறிக்கின்றன என்பது அவர் முடிவு. இதற்கு அட்டவணையே சான்று பகர்கிறது. 2 : 42-45இல் காலேபின் சந்ததியாக வரும் சீப், மரேசா, எபிரோன், மாகோன், பெத்சூர் ஆகியவை ஊர்ப் பெயர்கள். 2 : 19இல் அசுபாள் இறந்தபின் காலேப் எப்ராத்தை மணக்கிறான். அசுபாள் என்பதற்குக் "கைவிடப்பட்டவள்" என்பது பொருள். எப்ராத்தா பெத்லெகேமைச் சார்ந்த பெயர். எபிரோன் நாட்டை இழந்த குலம் சிறையிருப்புக்குப்பின் வடக்கே பெத்லெகேம் பகுதியில் குடியேறிய செய்தியை இத்திருமணம் குறிக்கிறது என்றார் வெல்ஹாசன்.

இவ்விளக்கம் கூர்மையானது. ஆயினும் ஒவ்வொரு திருமணத்தையும் இடப்பெயர்ச்சியாக மாற்றிவிடுவதில் ஓர் இடர் உண்டு. பாடமே பல இடங்களில் சிதைந்திருக்கிறது. 2 : 24இல் எபிரேயப் பாடம் "காலேப் எப்ராத்தா" என்று ஓர் ஊரைக் கூற, எழுபதின்மர் மொழிபெயர்ப்பு காலேப் எப்ராத்தாளிடம் சேர்ந்ததாகக் கூறுகிறது. 2 : 19இல் ஊர் என்பவன் காலேபின் மகன், 2 : 50இன் எபிரேயப் பாடத்திலோ காலேப் "ஊரின் மகன்" என்று வாசிக்கக் கிடக்கிறது. இத்தகைய பாடத்தின்மீது குடியேற்ற வரலாற்றின் ஒவ்வொரு படியையும் கட்டுவது துணிவேயன்றித் துணிபாகாது.

ராபர்ட் வில்சன் 1977இல் வெளியிட்ட வம்சவரிசை பற்றிய நூல் இவ்வாய்வுக்குப் புதுத் திசை காட்டியது. வம்சவரிசைகள் வரலாறு எழுதும் நோக்கத்தோடு தோன்றியவை அல்ல. குடும்பம், ஆட்சி, வழிபாடு ஆகிய துறைகளில் மக்களின் நடைமுறை உறவுகளை அவை காட்டுகின்றன. உறவு மாறும்போது வரிசையும் மாறும் என்று அவர் நிறுவினார். நைஜீரியாவின் திவ் மக்களைப் பற்றி லாரா பொஹானன் 1952இல் எழுதிய கட்டுரை இதற்கு நல்ல சான்று. ஆங்கில அதிகாரிகள் அம்மக்களின் வம்சங்களை எழுதி வைத்தனர். ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்குப் பின்னர், அவ்வேடு தவறு என்று திவ் மக்கள் கூற, எழுதப்பட்டதே உண்மை என்று அதிகாரிகள் சாதித்தனர். மக்களின் உறவு மாறியிருந்தது, ஏடு மாறவில்லை.

வில்சனின் கருத்தை ஏற்போமாயின், காலேபை யூதாவின் வழியில் வைத்த அட்டவணையைப் பொய் என ஒதுக்க வேண்டியதில்லை. அவன் மக்கள் யூதாவின் மக்களாகிவிட்டனர் என்னும் உண்மையை அது கூறுகிறது. ஆயினும் இதோடு நின்றுவிடல் ஆகாது. வரிசை ஒருவனை ஏற்கும்போது அவனிடமிருந்து எதை வாங்கிக்கொள்கிறது என்னும் வினாவை வில்சனின் முறை தானாக எழுப்புவதில்லை. நாளாகமம் காலேபுக்கு எஸ்ரோனைத் தந்தையாகத் தந்தது. கேனாசியன் என்னும் பெயரை எடுத்துக்கொண்டது. குடியேறியவன் தன் பிறப்பை விலையாகக் கொடுத்து இடம் பெற்றான் எனலாம்.

4. ஏடு இல்லாதோர்

நாளாகமக்காரர் வாழ்ந்த காலத்தை மறத்தலாகாது. அவர் நூலைப் பெரும்பாலான அறிஞர் கி.மு. 4ஆம் நூற்றாண்டினதாகக் கொள்வர். பாரசீக ஆட்சியின்கீழ் வம்ச ஏடு உயிர்நாடியாயிற்று. எஸ்றா 2 : 59-63இன்படி, சிறையிருப்பிலிருந்து திரும்பியோருள் சில குடும்பங்கள் தாங்கள் இஸ்ரவேலர் என்று காட்ட இயலவில்லை. அபாயா, கோஸ், பர்சிலா என்னும் ஆசாரியக் குடும்பங்கள் தங்கள் ஏட்டைத் தேடியும் கிடைக்காமையால் ஆசாரிய ஊழியத்தினின்று விலக்கப்பட்டன. ஊரீம் தும்மீம் உள்ள ஆசாரியன் எழும்புமளவும் காத்திருக்குமாறு திர்ஷாதா பணித்தான். ஏடில்லாத பொதுமக்களின் தொகை எஸ்றாவில் 652. நெகேமியா 7 : 62இல் 642. ஏடில்லாதோரைக் கணக்கிட்ட ஏடுகளே தம்முள் ஒவ்வாமலிருப்பது கருதத்தக்கது.

இக்கதைக்கு ஒரு தொடர்ச்சி உண்டு. நெகே. 3 : 4, 21 கோஸின் வழிவந்த உரியாவின் மகன் மெரெமோத் எருசலேம் அலங்கத்தைப் பழுதுபார்த்ததைக் கூறுகிறது. எஸ்றா 8 : 33இல் ஆசாரியனாகிய உரியாவின் மகன் மெரெமோத்தின் கையில் ஆலயத்தின் வெள்ளியும் பொன்னும் நிறுத்துக் கொடுக்கப்படுகின்றன. 1 நாளா. 24 : 10இல் கோஸ் என்னும் அதே எபிரேயப் பெயர் 7ஆம் ஆசாரிய வகுப்பின் பெயராக நிற்கிறது. ஓர் ஏட்டில் விலக்கப்பட்ட பெயர் மற்றோர் ஏட்டில் ஏற்கப்பட்டுள்ளது.

ஆகவே நாளாகமக்காரரின் பணியைச் சமனாக மதிப்பிட வேண்டும். தூய வம்சம் வேண்டும் என்னும் குரல் ஓங்கிய சூழலில், அவர் காலேபின் மக்களை யூதாவின் ஓரத்தில் அன்று, நடுவில் வைத்தார். 2 : 51இல் பெத்லெகேமின் தந்தை எனப்படும் சல்மா, காலேபின் வழிவந்தவன். தாவீதின் ஊரே குடியேறிய குலத்தின் பெயரோடு பிணைக்கப்பட்டுவிட்டது. ஆனால் அவர்களை ஏற்பதற்கு அவர்களுடைய அயன்மையை மறைப்பதே வழி என்றும் அவர் கருதினார். உபா. 23 : 7-8 ஏதோமியனை அருவருக்கலாகாது என்றும், அவனுடைய மூன்றாம் தலைமுறை சபைக்குள் வரலாம் என்றும் விதித்திருக்க, அப்பெயரைச் சொல்லியே ஏற்றிருக்கலாமன்றோ?

5. ஆயர்க்கு எஞ்சும் கடமை

திருமறையைத் தொகுத்தோர் இவ்விரு ஏடுகளுள் ஒன்றை எரித்துவிடவில்லை. யோசுவாவின் நூல் "கேனாசியன்" என்கிறது. நாளாகமம் "எஸ்ரோனின் மகன்" என்கிறது. இரண்டும் ஒரே திருமறையில் உள. முதலாவது, அவன் எங்கிருந்து வந்தான் என்பதை மறக்கவிடுவதில்லை. இரண்டாவது, அவன் இப்போது யாருடையவன் என்பதில் ஐயங்கொள்ள விடுவதில்லை. முரண்பாட்டை நீக்கினால் இவ்விரண்டனுள் ஒன்றை இழப்போம். ஆகவே காலேபைப் பற்றிப் பிரசங்கிப்போர் அவனது துணிவை மட்டும் கூறி அமையாமல், வாக்குத்தத்த நாட்டினின்று அகற்றப்பட வேண்டியோர் பட்டியலில் இருந்த இனத்தான் ஒருவன் அந்நாட்டிலேயே சுதந்தரவாளியானான் என்பதையும் கூறுதல் வேண்டும்.

நம்முடைய திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளும் வம்ச ஏடுகளே. அவற்றை எழுதும் கை நம்முடையது. ஊரிலிருந்து ஊருக்குப் பெயர்ந்து வந்த குடும்பத்திற்குச் சான்றிதழ் இல்லாதிருக்கலாம். தந்தையின் பெயர் ஓர் ஏட்டில் ஒருவிதமாகவும் மற்றோர் ஏட்டில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருக்கலாம். அவர்களை வாசலில் நிறுத்தி வைப்பது எளிது. பழம்பெருங் குடும்பம், முதற்கிறிஸ்தவர் வழி, இன்ன குலம் என்று உரிமை பேசுவோர் முன்னிலையில் அவர்களுடைய பிறப்பை மறைத்து உள்ளே சேர்ப்பதும் எளிது. இரண்டையும் விடுத்து, அவர்கள் யாரென்பதை ஒளிக்காமல் எழுதி, நடுவே இடமும் கொடுக்கும் ஏடே திருமறையின் வழியில் நிற்பதாகும். அக்சாள் நீரூற்றுகளைக் கேட்டபோது காலேப் அவளிடம் வம்சச் சான்று கேட்கவில்லை. மேற்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் உள்ள ஊற்றுகளை அவளுக்குக் கொடுத்தான்.