போய்த் திரும்பும் ஒளியின் பாணிகள்

1963-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபியோக்கோவும் ஸ்மல்லினும் ஒரு ரூபி லேசரை வானத்துக்குப் பாய்ச்சினார்கள். மேல் வளிமண்டலத்திலிருந்து சிதறித் திரும்பிய சிறிதளவு ஒளியைப் பிடித்தார்கள். மறு ஆண்டு அக்டோபர் 31 அன்று, மேரிலாந்தில் உள்ள நாசாவின் காடர்ட் மையத்தில் ஹென்றி பிளாட்கின் குழுவினர் பீக்கன் எக்ஸ்ப்ளோரர்-பி செயற்கைக்கோளிலிருந்து லேசர் எதிரொளியைப் பெற்றார்கள். அன்றைய தூரக் கணக்கில் சில மீட்டர் பிழை இருந்தது. இன்று அது மில்லிமீட்டரில் பேசப்படுகிறது.

இப்படி ஏறத்தாழ ஒரே காலத்தில் இரண்டு மரபுகள் பிறந்தன. தூரம் அளப்பவருக்கு இடையில் உள்ள காற்று கழிக்க வேண்டிய தாமதம். லேசரால் வளிமண்டலத்தை ஆராயும் லிடார்காரருக்கு அந்தக் காற்றே ஆய்வுப் பொருள். இரண்டையும் லேசரின் வலிமையைக் கொண்டோ தொலைநோக்கியின் அகலத்தைக் கொண்டோ தரம் பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கருவி காட்டிய எண்ணிலிருந்து எதைக் கழித்தார்கள், அந்தக் கணக்கைப் பிறர் சோதிக்கத் திறந்து வைத்தார்களா என்பதே என் உரைகல்.

தூர அளவையின் செல்லப்பிள்ளை, 1976-இல் ஏவப்பட்ட லேஜியோஸ் செயற்கைக்கோள். 60 செ.மீ. குறுக்களவுள்ள உருண்டை, எடை 400 கிலோவுக்குச் சற்று மேல், மேலெங்கும் 426 பிரதிபலிப்பான்கள், வந்த திசையிலேயே ஒளியைத் திருப்பி அனுப்புபவை. உள்ளே மின்கலமோ மின்னணுவோ கிடையாது. உருவம் சிறுத்து எடை மிகுந்திருப்பதால், ஏறத்தாழ 5,900 கி.மீ. உயரத்தில் வெயிலின் அழுத்தமும் அதை எளிதில் அசைக்காது. அதன் தூரத்தை ஒரு மில்லிமீட்டருக்குள் சொல்ல வேண்டுமானால், ஒளி போய்வரும் நேரத்தை 7 பிக்கோ வினாடிக்குள் அளக்க வேண்டும்.

பாணிகள் பிரிவது இங்கேதான். அமெரிக்காவின் மோப்ளாஸ் நிலையங்கள் வலுவான துடிப்பை அனுப்பிப் பல ஒளித்துகள்களைச் சேர்த்துப் பெற்றன. இங்கிலாந்தின் ஹெர்ஸ்ட்மான்சோ வேண்டுமென்றே ஒளியைக் குறைத்து, ஒரு துடிப்புக்கு ஒரு துகளுக்கு மேல் வராதபடி பார்த்துக்கொண்டது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் 2003-இல் வினாடிக்கு 2,000 மெல்லிய துடிப்புகளுக்கு மாறியது. பல நிலையங்கள் அந்த வழியில் போயின. ஹெர்ஸ்ட்மான்சோவின் சிக்கனத்துக்குக் காரணம் உண்டு. பல துகள்கள் வந்தால் உணர்வி முதலில் வந்ததற்கே விழித்துக்கொள்ளும். உருண்டையின் முன்முகமே பதிவாகி, தூரம் குறைவாகத் தெரியும். ஒற்றைத் துகள் முழு உருண்டையின் சராசரியைத் தரும். ஆகவே உருண்டையின் மையத்துக்கு எவ்வளவு கூட்டிக்கொள்வது என்பது பாணிக்குப் பாணி சில மில்லிமீட்டர் மாறும். நெடுங்காலம் எல்லோருக்கும் 251 மி.மீ. என்ற ஒரே எண் போதும் என்றிருந்தார்கள். அது போதாது என்று நிலையவாரியாகக் கணக்கிட்டுக் காட்டியதை இத்துறையின் பெரிய நேர்மை என்பேன்.

அதே அக்கறையில் பிறந்த இன்னொரு பாடம் காற்றழுத்தமானியைப் பற்றியது. தலைக்கு நேர்மேலே பார்க்கும்போது காற்று ஒளியை 2.4 மீட்டர் அளவுக்குத் தாமதப்படுத்துகிறது. இதைக் கணக்கிடத் தரையின் காற்றழுத்தமே முதல் ஆதாரம். அது ஒரு ஹெக்டோபாஸ்கல் பிசகினால் தூரம் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் பிசகும். பெரும் பொருட்செலவில் அமைந்த நிலையத்தின் மானத்தைச் சுவரில் தொங்கும் ஒரு மானி காக்கிறது.

1998-இல் அமைந்த சர்வதேச லேசர் தூர அளவைச் சேவை இந்த நிலையங்களையெல்லாம் ஒரு கணக்குக்குள் கொண்டுவந்தது. பூமியில் இடங்களின் ஆயங்களைக் குறிக்கும் உலக ஆயச்சட்டகத்துக்கு, பூமியின் பொருண்மை மையம் எங்கே என்று சொல்வது இந்த முறைதான். ஆனால் 2014-ஆம் ஆண்டுச் சட்டகத்தில் லேசர் சொன்ன அளவுகோலும் ரேடியோ வானியல் சொன்ன அளவுகோலும் நூறு கோடியில் 1.37 பங்கு வேறுபட்டன; தரையில் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். யார் சரி என்ற வழக்கை வாதத்தால் தீர்க்கவில்லை. லேசர்காரர்கள் தங்கள் நிலையங்களின் நிலைத்த பிழைகளைத் தேடி எடுத்துக் கணக்கில் சேர்த்தார்கள். 2020-ஆம் ஆண்டுச் சட்டகத்தில் அந்த இடைவெளி பெருமளவு மூடிவிட்டது.

லிடார் மரபின் சோதனை வேறு. திரும்பும் ஒளி ஒன்று. தெரிய வேண்டியவையோ இரண்டு: துகள்கள் எவ்வளவு திருப்பின, வழியில் எவ்வளவு மறைத்தன. 1981-இல் க்ளெட் முன்வைத்த தீர்வு, இரண்டுக்கும் உள்ள விகிதத்தை ஊகித்துக்கொண்டு தொலைவிலிருந்து அருகே வருகிறது. ராமன் சிதறலைப் பயன்படுத்தும் பள்ளி அந்த ஊகத்தையே தவிர்க்கிறது; நைட்ரஜனிலிருந்து நிறம் மாறி வரும் ஒளியைத் தனியே பிடித்து, மறைப்பை நேரடியாக அளக்கிறது. அந்த ஒளி மிக மங்கல் என்பதால் பகலில் திணறும். ஆனாலும் எனக்கு மதிப்பு ராமன் பள்ளியின் மேல்தான். லிடார் மரபு இந்தியாவிலும் உண்டு: திருப்பதிக்கு அருகே காதங்கியில் 1998 முதல் இயங்கும் லிடார், துகள் சிதறலோடு காற்று மூலக்கூறுகளின் ராலே சிதறலையும் பயன்படுத்தி மேலடுக்கு வெப்பநிலையை அளக்கிறது. வெப்பமண்டலத்தில் இத்தகைய நீண்ட பதிவுகள் அரிது.

2000-இல் தொடங்கிய ஐரோப்பிய லிடார் வலையமைப்பான இயர்லினெட், தரத்துக்கு ஓர் எளிய சோதனையை வழக்கமாக்கியது. தொலைநோக்கியின் வாயை நான்கு கால்பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றை மட்டும் திறந்து அளப்பார்கள். நான்கும் ஒத்துப்போகத் தொடங்கும் உயரத்துக்குக் கீழே வரும் தரவை நம்பக்கூடாது.

இந்த ஒழுக்கம் விண்ணுக்கும் போனது. 2018-இல் ஏவிய ஐரோப்பாவின் ஏயோலஸ், 355 நானோமீட்டர் புற ஊதா லேசரால் விண்ணிலிருந்து காற்றின் வேகத்தை அளந்த முதல் செயற்கைக்கோள். அதன் எண்கள் புவியின் இடத்துக்கு இடம் விலகின. வானிலை மாதிரிகளோடு ஒப்பிட்டுத் துருவியபோது, 1.5 மீட்டர் ஆடியில் நிலவிய நுண்ணிய வெப்பநிலை வேறுபாடுதான் காரணம் என்று தெரிந்தது. 2020 ஏப்ரல் முதல் அந்தத் திருத்தம் அன்றாடக் கணக்கில் சேர்ந்தது. பழைய தரவையும் திரும்பக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். 2024 மே மாதம் சென்ற எர்த்கேர் செயற்கைக்கோளின் லிடாரும் அதே 355 நானோமீட்டரில்தான் இயங்குகிறது. அது சொல்வதைத் தரை லிடார்கள் கீழிருந்து சரிபார்த்து வருகின்றன.