பெயர் சொல்லப்படாத பாவம்

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து பழகிய குருக்கள் இருவகை மனிதரை அறிவர். ஒருவர், "சாமி, நான் பெரும் பாவி, எல்லாப் பாவமும் செய்திருக்கிறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். எல்லாப் பாவமும் என்றவர் எந்தப் பாவத்தையும் சொல்லவில்லை. இன்னொருவர் அண்டை வீட்டாரின் பாவங்களை நாளும் நேரமும் குறித்து எடுத்துரைப்பார். தம் பாவம் அவர் நினைவுக்கு வருவதே இல்லை. இனவெறியைக் கண்டித்து உலக நாடுகள் எழுதிய ஆவணங்களை, ஓர் இலக்கியப் படைப்பை ஆய்வதுபோல் வரிவரியாக ஆய்ந்து படித்தபோது, இவ்விருவரும் நம் கண்முன் வந்து நின்றனர்.

1959-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவின் இரவில், ஜெர்மனியின் கொலோன் நகரிலுள்ள யூதத் தொழுகைக்கூடத்தின் சுவரில் நாசிகளின் சுவஸ்திகா சின்னம் வரையப்பட்டது. சில வாரங்களுக்குள் அந்தக் கறை பல நாடுகளில் பரவியது. அறுபது இலட்சம் யூதர் கொல்லப்பட்டு பதினைந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. ஐக்கிய நாடுகள் அவை விழித்தெழ அதுவே காரணமாயிற்று. அந்த விழிப்பின் கனியே, 1965 டிசம்பர் 21 அன்று ஏற்கப்பட்ட இனப்பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கை.

ஆனால் அந்த உடன்படிக்கையில் யூத வெறுப்பு என்னும் சொல்லே இல்லை! அதைப் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டுமென அமெரிக்கா கேட்டது. அப்படியானால் சீயோனியத்தையும் அதே பட்டியலில் சேருங்கள் என்றது சோவியத் ஒன்றியம். தன் எல்லைக்குள் வாழ்ந்த யூதரை நடத்திய விதம் பற்றிக் கேள்வி எழுவதை அது விரும்பவில்லை. முடிவில், இரண்டுமே வேண்டாம், பொதுவாகப் பேசுவோம் என்று நாடுகள் இணங்கின. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஒதுக்கலுக்கு மட்டும் பெயர் கிடைத்தது, அது நியாயமே. எந்தக் காயத்தால் இந்த உடன்படிக்கை பிறந்ததோ, அந்தக் காயம் பெயரிழந்தது.

அதே 1965-இல், அக்டோபர் 28 அன்று, உரோமையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவமல்லாச் சமயங்கள் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. எக்காலத்திலும் எவராலும் யூதர்மீது காட்டப்பட்ட வெறுப்பைக் குறித்து அது பெயர் சொல்லி வருந்தியது. இதனால் நாம் தலைநிமிர வேண்டாம். முந்தைய வரைவில் இருந்த 'கண்டிக்கிறது' என்னும் சொல் இறுதி வடிவில் இல்லை. பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதருக்குச் சூட்டப்பட்டிருந்த இழிசொல்லைத் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் 1959-இல்தான் நீக்கினார். எத்தனை நூற்றாண்டுத் தாமதம்! ஆயினும், தயங்கித் தயங்கியேனும் திருச்சபை பாவத்தின் பெயரைச் சொன்ன அதே நாள்களில், உலக அவை அந்தப் பெயரை விழுங்கியது.

விழுங்கிய பெயர் வேறு வடிவில் வெளிவந்தது. 1975 நவம்பர் 10 அன்று, சீயோனியம் இனவெறியின் ஒரு வடிவம் என்று பொதுப்பேரவை தீர்மானித்தது: ஆதரவு 72, எதிர்ப்பு 35, நடுநிலை 32. நம் நாடும் ஆதரித்தே வாக்களித்தது. 1938-இல் ஜெர்மனியில் யூதர் தொழுகைக்கூடங்கள் தீக்கிரையான இரவின் நினைவுநாள் அது. 1991 டிசம்பர் 16 அன்று, 111 வாக்குகளால் அத்தீர்மானம் நீக்கப்பட்டது. அப்போதும் இந்தியா பெரும்பான்மையோடு நின்றது. பதினாறு ஆண்டுகளில் மாறியது உண்மையா, உலகின் அதிகாரச் சமநிலையா?

2001-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இனவெறிக்கு எதிரான உலக மாநாடு கூடியது. அதையொட்டி நடந்த தொண்டு நிறுவனங்களின் மன்றத்தில், 'சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்' என்ற நூல் கிடைத்தது. அது பொய்ச்சரக்கு என்று இலண்டன் டைம்ஸ் நாளிதழ் 1921-லேயே நிறுவியிருந்தது. ஒடுக்கப்பட்ட ஒவ்வொரு குழுவும் தன் காயத்தைத் தன் சொற்களில் எழுதிக்கொள்ள அந்த மன்றம் இடம் தந்தது. யூதப் பிரதிநிதிகள் எழுதிய ஒரு பத்தியோ வாக்கெடுப்பில் நீக்கப்பட்டது, அவர்கள் வெளியேறினர். மனித உரிமைகளுக்கான ஐ.நா. உயர் ஆணையர் மேரி ராபின்சன், அந்த மன்றத்தின் அறிக்கையை அரசுகளுக்குப் பரிந்துரைக்க மறுத்தார்.

அரசுகளின் மாநாட்டிலோ வேறொரு பெயர் மறைந்தது. சாதி இனமன்று என்று வாதிட்டு, அச்சொல் இறுதி அறிக்கையில் இடம்பெறாமல் நம் அரசு பார்த்துக்கொண்டது. 1965 உடன்படிக்கையில் 'வம்சாவளி' என்னும் சொல்லைச் சேர்க்கச் சொன்னதே இந்தியாதான்! அச்சொல் சாதியையும் குறிக்கும் என்று ஐ.நா. குழு 2002-இல் விளக்கியபோதும் தில்லி இணங்கவில்லை. யூதரின் பத்தி நீக்கப்பட்டதும் தலித் மக்களின் பத்தி நீக்கப்பட்டதும் ஒரே நகரில், ஏறத்தாழ ஒரே வாரத்தில். ஒன்றுக்கு அழுது மற்றொன்றுக்கு மௌனம் காப்பவர் நீதியை நேசிக்கவில்லை. தம் கட்சியை நேசிக்கிறார்.

அப்படியானால் பாலஸ்தீன மக்களின் துயரம் பொய்யா என்று வாசகர் கேட்கலாம். பொய்யன்று, அது கண்ணீரும் குருதியுமான உண்மை. இஸ்ரயேல் அரசின் செயல்களைக் கண்டிப்பது யூத வெறுப்பு ஆகாது. பண்டைய இறைவாக்கினரும் தம் அரசர்களை முகத்துக்கு நேரே கண்டித்தவர்களே. ஓர் அரசின் குற்றத்துக்காக ஓர் இனத்தையே சபிக்கத் தொடங்கும்போது, கண்டனம் வெறுப்பாகத் திரிகிறது. அந்தத் திரிபு பாலஸ்தீனக் குழந்தை ஒன்றைக்கூடக் காப்பாற்றியதில்லை.

இவை நியூயார்க்கிலும் டர்பனிலும் நடந்தவை, நமக்கென்ன என்று இதழை மூடிவிட வேண்டாம். தவக்காலத்தில் நம் ஊர்களில் பாஸ்கா நாடகம் மேடையேறுகிறது. 'யூதர்' என்ற சொல் அங்கே கொடியவர் என்ற பொருளிலேயே ஒலிக்கிறது. சிலுவையில் தொங்கியவரும், அடியில் நின்ற அன்னையும், மறுதலித்து அழுத பேதுருவும் யூதரே என்பதை யார் சொல்கிறார்கள்? வாழ்நாளில் ஒரு யூதரையும் கண்டிராத நம் சிறுவன், அவர்களை வெறுக்கக் கற்றுக்கொண்டு வீடு திரும்புகிறான். அவன் திரும்பும் வழியில் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. சில ஊர்களில் அதன் நடுவே இன்னும் ஒரு சுவர் நிற்கிறது. அச்சுவர் ஏன் என்று அவன் கேட்டால், வழிவழியாக வந்த வழக்கம் என்போம். அதன் பெயரைச் சொல்லமாட்டோம்.

ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையைக் கேட்டுச் சினந்தெழுந்தார் தாவீது. அந்தச் செல்வன் அவரே என்றார் நாத்தான். அரசர் அக்கணமே தம் பாவத்தை ஏற்றுக்கொண்டார், மன்னிப்பும் பிறந்தது. நாடுகளின் அவையில் நாத்தானுக்கு இருக்கை இல்லை. நம் பங்குகளிலாவது இருக்கட்டும். வரும் தவக்காலத்தில் நாடகத்தின் உரையாடலைத் திருத்த உட்கார்வோர், அன்றே அந்தச் சுவரைப் பற்றியும் பேசட்டும்; இரண்டையும் அவற்றின் பெயராலேயே அழைக்கட்டும்.