இடது ஓரத்தில் யார் பெயர்?

காட்சி எண், இடம், நேரம், இடது ஓரத்தில் பாத்திரத்தின் பெயர், எதிரே வசனம் - நாடகப் பிரதியில் இதெல்லாம் வெறும் ஒழுங்குதானே, இதில் என்ன அரசியல் என்று தோழர்கள் கேட்கலாம். நல்லம்பள்ளிப் பக்கம் வீதி நாடகம் போடுகிற இளைஞர்களின் நோட்டுகள் சிலவற்றை வாசித்ததில் எனக்குப் பட்டது இது: பண்ணையாருக்குப் பெயர் இருக்கிறது. கூலிக்காரர்கள் ‘ஆள் 1’, ‘ஆள் 2’. பெண் வெறும் ‘பெண்’. எழுதியவர் கூலிக்காரர் பக்கம்தான். அவர் போட்ட ஓரக்கோடு அந்தப் பக்கம் இல்லை.

இந்த வடிவம் வந்த வழி நமக்குத் தெரியும். 1891இல் வெளியான மனோன்மணீயம் மேலை நாடக முறைப்படி அங்கம், களம் என்று பகுக்கப்பட்டது. தருமபுரி வட்டாரத்துப் பாரதக் கூத்தில் கணக்கே வேற. நோட்டில் விருத்தமும் தருவும் இருக்கும். வசனத்தில் பெரும்பகுதி ஆடுகிறவர் வாயில்தான். கட்டியங்காரன் பேச்சை யாரு எழுதி வச்சாங்க? அந்த எழுதாத இடத்தின் வழியாகத்தான் ரேஷன் கடை துரியோதனன் சபைக்குள் நுழைகிறது.

அதிகாரத்துக்கு எழுதாத இடம் ஆகாது. எம்.ஆர். ராதா அன்றைய செய்தியை அன்றிரவே மேடையில் பேசிவிடுவார். அவருடைய இராமாயணம் சர்ச்சையான 1954இல் வந்த நாடகச் சட்டம், பிரதியைக் கேட்டு வாங்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. ‘பரீக்ஷா’ ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல்தான் சென்னை உயர்நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதென்றது. எல்லாச் சொல்லையும் முன்கூட்டியே எழுதி நிரப்பிய பிரதி, நடிகரைவிடத் தணிக்கைக்காரருக்கே வசதி.

அதற்காக எழுதாத இடமெல்லாம் விடுதலை என்று கொண்டாடவும் என்னால் முடியாது. கட்டியங்காரனின் கேலி பல இரவுகளில் பெண்கள் மேலும் கீழ்ச்சாதி என்று ஒதுக்கப்பட்டவர்கள் மேலும்தான் விழுந்திருக்கிறது. அங்கே சும்மா விட்டால், ஊரில் ஏற்கெனவே ஓங்கியிருக்கிற குரல்தான் பேசும்.

ஆகவே பிரதியிலேயே இரண்டையும் பிரித்துக் காட்டுவோம். மாற்றக்கூடாத வசனம் - பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலம், கூலிக் கணக்கு, தேதி - முழுசா எழுதப்படட்டும். மற்ற இடத்தில் யார் பேசலாம், எதைப் பற்றி என்று மட்டும் குறித்து நாலு வரி வெற்றிடம் விடலாம். அதற்கும் முன்னால் ‘ஆள் 1’ஐ அடித்துவிட்டு ஒரு பெயர் எழுதுங்கள். பெயர் வந்தால் அவர் பேசுகிற வசனமும் மாறியே தீரும்.