பகைநாட்டிலிருந்து வரும் பயணிகள்

சதுரங்கத்தில் ‘செக்’ வைக்கப்பட்ட ராஜாவுக்குத் தப்ப வழியில்லாமல் போனால் ஆட்டம் முடிந்தது. தாயத்தில் காய்கள் எல்லாம் பழமானால் முடிந்தது. பழைய ஆட்டங்கள் பெரும்பாலானவற்றுக்கு வெற்றி என்பது ஒரே வாசல். ‘சிவிலைசேஷன்’ கணினி விளையாட்டில் அப்படியில்லை. ஒருவர் படை திரட்டிக்கொண்டிருப்பார், பக்கத்து நாட்டுக்காரர் ராக்கெட் தளத்துக்கு இடம் பார்ப்பார், கடலுக்கு அப்பால் இருப்பவர் ஓவியங்களைச் சேர்ப்பார். ஒரே வரைபடத்தில் நிற்பவர்கள் வெவ்வேறு ஆட்டங்களை ஆடுகிறார்கள். யார் எந்த வாசலை நோக்கி நடக்கிறார் என்பது பாதி ஆட்டம்வரை யாருக்கும் தெளிவாகத் தெரியாது.

சிட் மெய்யரும் புரூஸ் ஷெல்லியும் 1991-இல் மைக்ரோப்ரோஸ் நிறுவனத்துக்காக இதை உருவாக்கியபோது வாசல்கள் இரண்டே. மற்ற எல்லோரையும் அழிக்கலாம், அல்லது ஆல்ஃபா சென்டாரி விண்மீனுக்கு முதலில் கப்பல் அனுப்பலாம். 2001-இல் வந்த மூன்றாம் பாகம் பண்பாட்டு வெற்றியையும் ராஜதந்திர வெற்றியையும் கொண்டுவந்தது. 2016-இல் எட் பீச் தலைமையில் வெளியான ஆறாம் பாகம் மத வெற்றியைச் சேர்த்தது. 2019-இன் கூடுதல் தொகுப்பான ‘கேதரிங் ஸ்டார்ம்’ வழியாக ராஜதந்திரமும் அதற்குள் திரும்பி வந்தது. என் ரசனைக்கு இந்த ஆறாம் பாகமே உச்சம். இங்கே பேசப்போவது பெரும்பாலும் அதைப் பற்றி.

கி.மு. 4000-இல் ஒரு குடியேறிக் கூட்டமும் ஒரு போர்வீரனும் நம் கையில் இருக்கும். மிகக் கடினமான ‘டெய்டி’ நிலையில் கணினி ஆடும் அரசர்கள் மூன்று குடியேறிக் கூட்டங்களோடு தொடங்குவார்கள். ஆக, முதல் நூறு டர்ன்களில் எல்லாக் கணக்கிலும் நாம் பின்தங்கியே இருப்போம். அதைக் கண்டு பதறாமல் இருப்பதுதான் இந்த ஆட்டத்தின் அரிச்சுவடி. வெற்றி கடைசியில் அறிவிக்கப்பட்டாலும் அதற்கான விதை ஊன்றப்படுவது முதல் ஐம்பது டர்ன்களில். நன்னீரை ஒட்டி ஊர் அமைத்தால் ஐந்து பேருக்கு வீட்டிடம் கிடைக்கும், நீரில்லாத மேட்டில் இரண்டே பேருக்கு. கல்வி வளாகத்தைச் சுற்றி நிற்கும் ஒவ்வொரு மலையும் ஒரு அறிவுப் புள்ளி தரும். அனுபவமுள்ள ஆட்டக்காரர் நான்கு மலைகள் வளைந்து நிற்கும் ஒரு பள்ளத்தாக்கைக் கண்டால், அங்கே ஊர் எழுவதற்கு முன்பே மனத்தில் பல்கலைக்கழகத்தைக் கட்டிவிடுவார்.

காட்டை என்ன செய்வது என்ற கேள்வியும் அப்போதே வந்துவிடும். வெட்டினால் உடனடியாக உற்பத்தி பெருகும். வேகமாக வெல்ல நினைப்பவர்கள் கோடரியோடுதான் திரிவார்கள். ஆனால் அந்தக் காடு நான்காயிரம் ஆண்டுகள் கழித்து வேறு விலைக்குப் போகும். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

படையெடுத்து வெல்வதே பெரும்பாலானோர் முதலில் கற்கும் வழி. எதிரியின் ஒவ்வொரு ஊரையும் பிடிக்கத் தேவையில்லை. ஒவ்வொருவரும் முதலில் நிறுவிய தலைநகரம் நம் கையில் இருந்தால் போதும். இதில் எனக்குப் பிடித்தது போரைவிடப் போருக்கு முந்தைய அமைதி. மலிவான வில்லாளர்களைச் சத்தமில்லாமல் சேர்த்து வைப்பது, பொன்னைச் செலவழிக்காமல் குவிப்பது, குறுக்குவில்லுக்கான தொழில்நுட்பம் கைக்கு வரும் நேரத்தில் படை மேம்பாட்டுச் செலவைப் பாதியாக்கும் கொள்கை அட்டையைச் செருகுவது. நேற்றுவரை எல்லையில் சோம்பி நின்றிருந்த பழங்காலப் படை ஒரே டர்னில் நடுக்காலப் படையாகிவிடும். பக்கத்து அரசர் அதற்கு விடை கண்டுபிடிக்கச் சில டர்ன்கள் ஆகும். அந்த இடைவெளிக்குள் முடித்தாக வேண்டும். இடைவெளி மூடிய பிறகும் முட்டிக்கொண்டிருப்பவர்கள் ஆட்டத்தைத் தோற்கா­விட்டாலும் அழகைத் தோற்றுவிடுகிறார்கள்.

2018-இல் ‘ரைஸ் அண்ட் ஃபால்’ தொகுப்பு விசுவாசம் என்ற கணக்கைக் கொண்டுவந்து இந்த வழிக்கு ஒரு நல்ல முள்ளை வைத்தது. எதிரி மக்கள் சூழ்ந்த இடத்தில் ஒரே ஒரு ஊரைப் பிடித்தால் அது சில டர்ன்களில் நம்மை உதறிவிட்டுத் தனி ஊராகிவிடும். அடுத்தடுத்து மூன்று நான்கு ஊர்களை ஒரே வீச்சில் எடுத்து, ஓர் ஆளுநரையும் உட்கார வைத்தால்தான் நிலைக்கும். பிடிப்பது வேறு, வைத்திருப்பது வேறு என்று படையெடுத்தவர்களுக்கு வரலாறு சொன்ன செய்தியை ஒரு கூட்டல் கழித்தலில் அடக்கிவிட்டார்கள்.

அறிவியல் வெற்றியைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆர்வமில்லை. செயற்கைக்கோள், நிலவு, செவ்வாய், பிறகு 50 ஒளியாண்டுத் தொலைவிலிருக்கும் ஒரு கோளுக்குக் கப்பல். லேசர் நிலையங்களைக் கட்டினால் கப்பல் வேகம் பிடிக்கும். எதிரியின் ஒற்றர்கள் ராக்கெட் தளத்தில் நாச வேலை செய்யக்கூடும், அது ஒன்றுதான் படபடப்பு. மற்றபடி இது தனிமையான, சுத்தமான, கணக்கப்பிள்ளைத்தனமான வெற்றி. உலகத்தில் வேறு யாரும் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய இதே மாதிரி ஆடலாம் என்பதே இதன் குறை.

பண்பாட்டு வெற்றிக்கு நேர் எதிர் குணம். அங்கே மற்றவர்கள் இல்லாமல் வெற்றியே கிடையாது. ஒரு நாடு இதுவரை உண்டாக்கிய ஒவ்வொரு நூறு பண்பாட்டுப் புள்ளிக்கும் ஓர் உள்நாட்டுப் பயணி கணக்கில் ஏறுவார். அவர் தன் நாட்டின் அழகிலேயே திருப்தியடைந்தவர். நம் ஊர்களைப் பார்க்க வெளியிலிருந்து வரும் பயணிகளின் எண்ணிக்கை, மற்ற எந்த நாட்டின் உள்நாட்டுப் பயணிகளின் எண்ணிக்கையையும் தாண்ட வேண்டும். எதிரி ஒரு நாடக அரங்கம் கட்டினால் நம் இலக்கு தள்ளிப்போகும். எட்ட வேண்டிய கோடு நகர்ந்துகொண்டே இருக்கும், நகர்த்துவது எதிரி. இவ்வளவு நுட்பமான வெற்றி விதியை நான் வேறு எந்த வியூக விளையாட்டிலும் பார்த்ததில்லை.

பயணிகளை இழுக்கும் கருவிகளில்தான் வடிவமைப்பாளர்களின் ரசனை தெரிகிறது. ஓவியக்கூடத்தில் மூன்று படைப்புகளுக்கு இடம். மூன்றும் ஒரே வகையாக இருந்து, மூவர் வரைந்ததாக இருந்தால் மதிப்பு இரட்டிப்பாகும். அதனால் மூன்று நிலக்காட்சிகள் சேர்ப்பதற்காக, கையிலுள்ள சிலையை எதிரியிடம் கொடுத்து அவருடைய ஓவியத்தைப் பேரம் பேசி வாங்க வேண்டியிருக்கும். பேரம் படியாவிட்டால் ஒற்றனை அனுப்பித் திருடலாம். இசைமேதை ஒருவர் நம் ஊருக்கு வந்து படைப்பை நிகழ்த்தும்போது அந்த இசை உண்மையிலேயே ஒலிக்கும். அவசரக்காரர்கள் அதைத் தட்டிவிட்டுப் போவார்கள். அவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

காட்டுக்கு வருவோம். ‘நேஷனல் பார்க்’ அமைக்க வைர வடிவில் நான்கு கட்டங்கள் வேண்டும். எல்லாம் ஒரே ஊருக்குச் சொந்தமாக, மலையாகவோ கண்ணுக்கு இதமான நிலமாகவோ, மனிதக் கை படாததாக இருக்க வேண்டும். பக்கத்துக் கட்டத்தில் மரங்கள் நின்றால் அழகு கூடும், சுரங்கம் வெட்டினால் குறையும். கி.மு. 2000-இல் பசியோடு கோடரி வீசியவருக்கு இருபதாம் நூற்றாண்டில் பூங்கா எளிதில் கிடைக்காது. ஆட்டத்தின் இரண்டு முனைகளுக்கு நடுவே இத்தனை நீளமான இழை வேறு எந்த வெற்றி வழியிலும் ஓடவில்லை. பண்பாட்டு வெற்றியை மற்ற நான்குக்கும் மேலே நான் வைப்பது அதனால்தான்.

மத வெற்றி தனியாகப் பார்த்தால் முரட்டுத்தனமானது. ஒவ்வொரு நாட்டிலும் பாதிக்கு மேற்பட்ட ஊர்கள் நம் மதத்தைத் தழுவ வேண்டும். மதம் பரப்பும் எதிரெதிர் அப்போஸ்தலர்கள் நடுச்சாலையில் சந்தித்துக்கொண்டால் வானத்திலிருந்து மின்னல் இறங்கும். வாதத்தை அப்படித்தான் காட்டுகிறார்கள். சிரிப்பு வந்தாலும் சிறிய வரைபடத்தில் இதுவே மிகக் குறுகிய வழியாகிவிடக்கூடும். ஆனால் இதன் உதிரிப் பாகங்களைப் பண்பாட்டு வெற்றிக்குக் கொண்டுபோகும்போதுதான் வித்தை பிறக்கிறது. ‘தியாகி’ குணமுள்ள அப்போஸ்தலர் வாதத்தில் தோற்று இறந்தால் ஒரு புனிதச் சின்னம் கிடைக்கும். ‘மோன் சான் மிஷேல்’ அதிசயத்தைக் கட்டியவருக்கு எல்லா அப்போஸ்தலர்களும் தியாகிகளே. சின்னங்களைப் பார்க்கப் பயணிகள் வருவார்கள். ‘அறிவொளி’ பரவிய நாடுகளில் அந்த மோகம் குறையும். ‘கிறிஸ்து மீட்பர்’ சிலையை எழுப்பினால் குறையாது. ஆக, வாதத்தில் வேண்டுமென்றே தோற்றுத் தோற்று ஒருவர் உலகை வெல்லலாம். இலங்கையின் கண்டி இந்த ஆட்டத்தில் ஒரு மத நகர அரசாக இருக்கிறது. அதன் ஆதரவைப் பெற்றவருக்கு, இயற்கை அதிசயம் ஒன்றைக் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு புனிதச் சின்னம் கிடைக்கும். தலதா மாளிகை உள்ள ஊருக்கு இதைவிடப் பொருத்தமான வரம் கிடைத்திருக்காது.

பண்பாட்டுக்காரர் எப்போதும் சாதுவாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. எட்ட வேண்டிய அந்தக் கோட்டை உயர்த்திப் பிடித்திருப்பது ஒரே ஒரு நாடு என்றால், அந்த நாட்டின் அரங்கங்கள் நிறைந்த இரண்டு ஊர்களைப் படையனுப்பி எடுத்துக்கொள்வது கலைக்குச் செய்யும் தொண்டாகிவிடும். கடைசிக் காலத்தில் பக்திப் புள்ளிகளைக் கொடுத்து ராக் இசைக்குழுக்களை வாங்கி எதிரி நாட்டில் கச்சேரிக்கு அனுப்பலாம். கச்சேரி சொதப்பினால் குழு கலைந்துவிடும்.

ராஜதந்திர வெற்றிக்கு 20 புள்ளிகள் வேண்டும். உலகப் பேரவையில் முன்னணியில் இருப்பவரின் புள்ளிகளைப் பறிக்க எல்லோரும் சேர்ந்து வாக்களிப்பார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் இதை முன்கூட்டியே ஊகித்து, தனக்கு எதிராகத் தானே வாக்களிப்பார். இரண்டு புள்ளிகள் போகும், வென்ற பக்கம் வாக்களித்ததற்கு ஒரு புள்ளி திரும்ப வரும். அரசியல் தெரிந்த நம்மவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது காந்தியின் அணுகுண்டைக் கேட்காமல் யாரும் விடுவதில்லை. முதல் பாகத்தில் ஒரு நிரல் பிழையால், ஆட்டத்தில் வரும் காந்தி அணுகுண்டு வீசும் போர்வெறியரானார் என்பது பிரபலமான கதை. அப்படி ஒரு பிழையே இருக்கவில்லை என்று 2020-இல் வந்த தன் நினைவுக் குறிப்பு நூலில் மெய்யர் எழுதிவிட்டார். பிந்தைய பாகங்களில் வேடிக்கைக்காக வேண்டுமென்றே அந்தக் குணத்தைச் சேர்த்தார்கள். எனக்கு அந்த நகைச்சுவை எப்போதோ புளித்துவிட்டது.

உண்மையான குறை வேறு. யார் வெல்வார் என்பது முடிவுக்கு நூறு டர்ன்களுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது; மிச்சமெல்லாம் பொத்தான் அழுத்தும் வேலை. பிப்ரவரி 2025-இல் வந்த ஏழாம் பாகம் ஆட்டத்தை மூன்று யுகங்களாக வெட்டி, ஒவ்வொரு யுகத்திலும் நாட்டையே மாற்றிக்கொள்ளச் செய்து இதைச் சரிப்படுத்தப் பார்த்தது. நடு யுகத்தில் சோழர்கள் வருகிறார்கள். அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற இரண்டு கட்டடங்களை ஒரே இடத்தில் எழுப்பினால் ஐந்நூற்றுவர் வளாகம் உருவாகும். பெயர்களைத் தேடி எடுத்தவருக்கு ஒரு சபாஷ். ஆனால் அந்த யுகத்தின் பொருளாதாரப் பாதை, தொலைதூர நிலத்தில் நாமே குடியேறி, அங்கே விளைவதைக் கருவூலக் கப்பல்களில் தாயகத்துக்கு ஏற்றி வருவது. அது ஸ்பானியர்களின் கதை. 1088-இல் சுமத்ராவின் பாருஸில் தமிழ்க் கல்வெட்டு வைத்த ஐந்நூற்றுவரோ வணிகக் குழுவினர். பிறர் ஆண்ட துறைமுகங்களில் விலை பேசியே வளர்ந்தவர்களுக்கு அந்தப் பாதையில் ஏறக் கால் வராது. சோழரை எடுத்து ஆடுகிறவர்கள் கருவூலக் கப்பல்களை மறந்துவிட்டு, கரையோர ஊர்களையும் வணிகத் தடங்களையும் பெருக்கி, அந்த வருமானத்தை அறிவியலுக்கோ பண்பாட்டுக்கோ திருப்பலாம். புள்ளிக் கணக்கில் கொஞ்சம் நட்டம்தான், பரவாயில்லை.